வெள்ளைப்படுதலும் அரிப்பும்: மகளிர் ஓ.பி.க்குப் புதிதாக வரும் மருத்துவருக்கு

மகளிர் ஓ.பி.யில் உட்கார்ந்த முதல் வாரத்திலேயே காது பழகிவிடும் புகார் இது: "வெள்ளைப்படுது டாக்டர்." ஒரு ஃப்ளூகோனசோல், ஒரு வாரத்துக்கு மெட்ரோனிடசோல் என்று சீட்டில் எழுத அரை நிமிடம் போதும். வரிசை நீளமாக இருக்கும் நாளில் கை தானாகவே அதை எழுதப் போகும். எழுதாதீர்கள். அந்த ஒரு சொல்லுக்குள் பூஞ்சையும் இருக்கலாம், யோனியின் பாக்டீரியாச் சமநிலை கெடும் பாக்டீரியல் வெஜினோசிஸும் இருக்கலாம், டிரைக்கோமோனாஸ் என்ற ஒட்டுண்ணியும் இருக்கலாம், கருப்பை வாய்த் தொற்றோ தோல் நோயோ இருக்கலாம். நோயே இல்லாமல் மாதவிடாய்ச் சுழற்சியின் நடுவில் வரும் வழவழப்பான சளியாகவும் இருக்கலாம். நோயாளி சொல்வதை மட்டும் கேட்டோ, கசிவின் நிறத்தை மட்டும் பார்த்தோ இவற்றைப் பிரிக்க முடியாது. அனுபவசாலிகளும் இதில் தவறுகிறார்கள். அமில, காரத் தன்மையைக் காட்டும் ஒரு துண்டு பி.ஹெச். தாளும் ஒரு ஸ்லைடும் சேர்ந்தால் பெரும்பாலும் பிரித்துவிடலாம். அதற்கு ஐந்து நிமிடம் ஆகும்.

கேட்க வேண்டியவை

நம் ஊரில் வெள்ளைப்படுதலை "உடம்பு சூடு", "வெட்டை" என்பார்கள். "எலும்பு உருகிப் போகுது" என்று பயப்படுகிறவர்களும் உண்டு. இடுப்பு வலி, கை கால் அசதி, தலைசுற்றல் எல்லாவற்றையும் சேர்த்தே சொல்வார்கள். இதைக் கேட்டுச் சிரிக்கவும் கூடாது, அசதிக்கும் தொற்றுதான் காரணம் என்று முடிவு கட்டவும் கூடாது. கோவாவில் நடந்த ஒரு பெரிய ஆய்வில், வெள்ளைப்படுதல் புகாரோடு தொற்றைவிட மனச்சோர்வும் குடும்ப நெருக்கடியுமே நெருக்கமாகச் சேர்ந்திருந்தன. ஸ்லைடு சுத்தமாக இருந்தால் ஹீமோகுளோபின் பாருங்கள், தூக்கம் எப்படி, வீட்டில் எப்படி என்று கேளுங்கள்.

"எத்தனை நாளாம்மா?" என்பதற்கு அடுத்த கேள்வி, "அரிப்பா, எரிச்சலா, வாடையா? எது முதல்ல ஆரம்பிச்சுது?" அரிப்பு முன்னால் நின்றால் பூஞ்சை அல்லது தோல். வாடை முன்னால் நின்றால், அதுவும் உறவுக்குப் பிறகும் மாதவிடாயின்போதும் கூடினால், பாக்டீரியல் வெஜினோசிஸ். எரிச்சலும் வலியும் மட்டும் என்றால் தொற்றைத் தாண்டி யோசியுங்கள். அரிப்பு எங்கே என்று விரலால் காட்டச் சொல்லுங்கள். "உள்ளேயா, வெளியேயா, பின்னாடி ஆசனவாய் வரைக்குமா?" என்பது பாதி நோயறிதல். இரவில் தூக்கம் கெடுகிற அளவுக்கு அரிப்பு என்றால் அதை அடிக்கோடிட்டுக் குறியுங்கள்.

மருந்துப் பட்டியலை வாங்கிப் பார்க்காமல் விடாதீர்கள். சர்க்கரைக்கு டாபாக்ளிஃப்ளோசின், எம்பாக்ளிஃப்ளோசின் போன்றவை எடுப்பவருக்குச் சிறுநீரில் சர்க்கரை இறங்கிக்கொண்டே இருக்கும். பூஞ்சை திரும்பத் திரும்ப வரும். டாபாக்ளிஃப்ளோசின் மலிவாகக் கிடைக்கத் தொடங்கியபின் இப்படி வருகிறவர்களைச் சாதாரணமாகவே பார்க்கலாம். மாத்திரையை நீங்களே நிறுத்த வேண்டாம். எழுதிக் கொடுத்த மருத்துவருக்குக் குறிப்பு அனுப்புங்கள்.

கடைசியாக, "இதுக்கு இதுவரைக்கும் என்னம்மா போட்டீங்க?" என்று கேட்டுவிட்டு வாய் மூடிக் காத்திருங்கள். வேப்பிலைத் தண்ணீர், மஞ்சள், டெட்டால், வாசனை வாஷ், கடையில் கேட்டு வாங்கிய ட்யூப் எல்லாம் அந்த இடைவெளியில்தான் வெளியே வரும். அந்த ட்யூபை அடுத்த முறை கொண்டுவரச் சொல்லுங்கள். பெரும்பாலும் அது வீரியமான ஸ்டீராய்டு, பூஞ்சை மருந்து, ஆன்டிபயாட்டிக் மூன்றும் கலந்ததாக இருக்கும்.

டிரேயில் இருக்க வேண்டியவை

இரண்டு அளவுகளில் கஸ்கோ ஸ்பெக்குலம் (யோனியை விரித்துப் பார்க்கும் கருவி), நல்ல வெளிச்சம், பஞ்சு ஸ்வாப், 3.8 முதல் 5.5 வரை காட்டும் குறுகிய அளவு பி.ஹெச். தாள், ஸ்லைடுகள், கவர் ஸ்லிப், நார்மல் சலைன், 10% கே.ஓ.ஹெச். (பொட்டாசியம் ஹைட்ராக்சைடு), கைக்கண்ணாடி. 1 முதல் 14 வரை காட்டும் சாதாரண பி.ஹெச். தாள் இங்கே பயன்படாது; 4.2-க்கும் 4.8-க்கும் அதில் வித்தியாசம் தெரியாது. கைக்கண்ணாடி நோயாளிக்காக. எங்கே களிம்பு தடவ வேண்டும் என்று அவரே பார்த்தால்தான் சரியாகத் தடவுவார்.

முதலில் வெளித்தோல்

பெண் உதவியாளர் அறைக்குள் இருக்க வேண்டும். திரை இழுத்திருக்க வேண்டும். எதைத் தொடப்போகிறோம் என்று தொடும் முன் சொல்ல வேண்டும். புதியவர்கள் செய்யும் பெரிய தவறு, வெளியே ஒரு பார்வைகூடப் பார்க்காமல் ஸ்பெக்குலத்தைப் போடுவது. தோல் நோய்கள் அப்படித்தான் வருடக்கணக்கில் தப்பிப் போகின்றன.

மேலிருந்து கீழே ஒரே வரிசையில் பாருங்கள்: தொடை இடுக்கு, பேரிதழ், சிற்றிதழ், கிளிட்டோரிஸும் அதை மூடும் தோலும், யோனி முகப்பு, பெரினியம், ஆசனவாய்ச் சுற்று. சிற்றிதழ்கள் இரண்டும் முழுதாக இருக்கின்றனவா, பேரிதழோடு ஒட்டி மறைந்துவிட்டனவா? கிளிட்டோரிஸ் தெரிகிறதா, தோலுக்குள் புதைந்துவிட்டதா? வெடிப்பு, புண், வெளுப்பு, தடிப்பு எதுவானாலும் ஒரு படம் வரைந்து குறியுங்கள். அடுத்த முறை பார்க்கப்போவது வேறொரு ஹவுஸ் சர்ஜனாக இருக்கலாம். உங்கள் படம்தான் அவருக்குக் கண்.

ஸ்பெக்குலமும் ஸ்வாபும்

ஸ்பெக்குலத்தை வெதுவெதுப்பான நீரில் நனைத்துப் போடுங்கள். ஜெல் பூசினால் ஸ்லைடும் பி.ஹெச்.சும் கெடும். திருமணமாகாதவர், உறவு கொண்டிராதவர், வலிக்குப் பயப்படுகிறவர் என்றால் ஸ்பெக்குலமே வேண்டாம். நனைத்த மெல்லிய ஸ்வாபை இரண்டு மூன்று சென்டிமீட்டர் உள்ளே விட்டுச் சுழற்றி எடுத்தால் பி.ஹெச்.சுக்கும் ஸ்லைடுக்கும் போதும். அவரே எடுத்துத் தரவும் செய்யலாம்.

ஸ்பெக்குலம் உள்ளே இருக்கும்போது கருப்பை வாயைத் துடைத்துவிட்டுப் பாருங்கள். அதன் துளைக்குள்ளிருந்தே மஞ்சள் சீழ் வருகிறதென்றால், தொட்டதும் ரத்தம் கசிகிறதென்றால், இது யோனிப் பிரச்சினை அல்ல, கருப்பை வாய் அழற்சி. கிளமிடியா, கொனோரியா என்ற பால்வினைத் தொற்றுகளின் பக்கம் போக வேண்டும். கை வைத்துப் பரிசோதிக்கும்போது கருப்பை வாயை அசைத்தால் துடிக்கிற வலி இருந்தால் இடுப்புக்குழி அழற்சியைச் சந்தேகியுங்கள். அதற்கு இரண்டு வார மருந்து. வெள்ளைப்படுதல் மாத்திரையோடு அனுப்பிவிட்டால் பின்னால் குழந்தையின்மை என்று திரும்பி வருவார்.

பி.ஹெச்.சுக்கு ஸ்வாபை யோனியின் பக்கச் சுவரில், நடுப்பகுதியில் உருட்டி எடுத்துத் தாளில் அழுத்துங்கள். பின்பக்கக் குழியில் தேங்கி நிற்பதைத் தொடாதீர்கள்; அதில் கருப்பை வாய்ச் சளி கலந்திருக்கும், அது காரத்தன்மை உள்ளது. ரத்தமும் விந்தும்கூட அப்படியே. முந்தைய இரவு உறவு நடந்திருந்தாலும் மாதவிடாயின் வாலாக இருந்தாலும் உயர்ந்த பி.ஹெச்.சை நம்பாதீர்கள். பருவமடையாத சிறுமிகளிலும் மாதவிடாய் நின்றவர்களிலும் பி.ஹெச். இயல்பாகவே 4.5-க்கு மேல்தான். கர்ப்பிணி ஒருவர் "தண்ணியா வெள்ளைப்படுது" என்று வந்து, 1 முதல் 14 வரை காட்டும் தாளில் பி.ஹெச். 7-ஐத் தாண்டினால், அது வெள்ளைப்படுதல் அல்ல, பனிக்குட நீராக இருக்கலாம். உடனே பிரசவ வார்டுக்குச் சொல்லுங்கள்.

ஸ்லைடு

நிதானம் இங்கேதான் வேண்டும். ஒரு ஸ்லைடின் இரு ஓரங்களிலும் இரண்டு சொட்டு: இடப்பக்கம் சலைன், வலப்பக்கம் கே.ஓ.ஹெச். ஸ்வாபை முதலில் சலைனில் கலக்குங்கள், பிறகு கே.ஓ.ஹெச்.சில். வரிசை மாறினால் கே.ஓ.ஹெச். சலைனுக்குள் வந்து செல்களைக் கரைத்துவிடும். கே.ஓ.ஹெச். சொட்டில் கலந்த உடனே, கவர் ஸ்லிப் போடும் முன்பே, மூக்கருகில் கொண்டுபோய் முகருங்கள். கருவாட்டு வாடை குப்பென்று வந்தால் விஃப் டெஸ்ட் பாசிட்டிவ்.

கவர் ஸ்லிப்பை ஒரு ஓரமாகச் சாய்த்து மெல்ல விடுங்கள், குமிழி வராது. சொட்டு பெரிதாகி வழிந்தால் கே.ஓ.ஹெச். மைக்ராஸ்கோப் லென்ஸில் ஒட்டி அதை அரிக்கும். வழிந்ததை டிஷ்யூவால் ஒற்றி எடுத்த பிறகே மேடையில் வையுங்கள்.

சலைன் பக்கத்தைப் பத்து நிமிடத்துக்குள் பார்த்துவிட வேண்டும். டிரைக்கோமோனாஸ் உயிரோடு நீந்தினால்தான் அடையாளம் தெரியும். குளிர்ந்து நின்றுவிட்டால் சீழ் செல்லோடு கலந்துவிடும். ஓ.பி. முடிந்தபின் எல்லா ஸ்லைடையும் சேர்த்து லேபுக்கு அனுப்பும் வழக்கம் இருக்கும் இடத்தில் டிரைக்கோமோனாஸ் "இல்லாத ஊராக" மாறிவிடுவது இதனால்தான். சுடச்சுடப் பார்த்தாலும் ஏறக்குறைய பாதிப் பேரில்தான் அது கண்ணில் படும். சந்தேகம் வலுவாக இருந்து ஸ்லைடு காட்டவில்லை என்றால் வசதியுள்ள இடத்தில், கிருமியின் மரபணுவைத் தேடும் நாட் பரிசோதனைக்கு அனுப்புங்கள்.

கண்டென்சரைக் கீழே இறக்குங்கள், டயஃப்ரத்தைச் சுருக்குங்கள். வெளிச்சம் அதிகமானால் சாயமேற்றாத செல்கள் கண்ணாடிபோல மறைந்துவிடும். 10 மடங்கு லென்ஸில் ஒரு சுற்று, பிறகு 40 மடங்கு லென்ஸில் பத்துப் புலங்கள். பார்க்க வேண்டியவை நான்கு.

எபிதீலியல் செல்லின் (யோனிச் சுவரிலிருந்து உதிரும் செல்) ஓரம்: கத்தியால் வெட்டியதுபோலத் தெளிவாக இருந்தால் இயல்பு. மணலில் புரட்டி எடுத்த அப்பளம்போல ஓரமே தெரியாமல் புள்ளிப்புள்ளியாக மூடியிருந்தால் அது க்ளூ செல். ஐந்தில் ஒன்றுக்கு மேல் அப்படி இருந்தால் கணக்கில் எடுக்கலாம். ஓரம் தெளிவாக இருந்து நடுவில் மட்டும் புள்ளிகள் இருப்பதைப் புதியவர்கள் க்ளூ செல் என்று எண்ணிவிடுவார்கள், அது அல்ல.

சீழ் செல்: எபிதீலியல் செல் ஒன்றுக்குச் சீழ் செல் ஒன்றுக்கு மேல் இருந்தால் அழற்சி இருக்கிறது. பாக்டீரியல் வெஜினோசிஸில் சீழ் செல்கள் அதிகம் இருக்காது. க்ளூ செல்லோடு சீழ் செல்லும் மண்டியிருந்தால் டிரைக்கோமோனாஸையோ கருப்பை வாய்த் தொற்றையோ தேடுங்கள்.

நீளக் குச்சிகளாக லேக்டோபேசில்லஸ் (யோனியில் இயல்பாக இருக்கும் நல்ல பாக்டீரியா) நிறைய இருக்கிறதா, இல்லையா.

வட்டமான, சிறிய, பெரிய உட்கருவுள்ள பாராபேசல் செல்கள்: மாதவிடாய் நின்றவரில் ஈஸ்ட்ரோஜன் குறைவுக்கு அடையாளம். பாலூட்டும் தாயிலும் வரும்.

பிறகு கே.ஓ.ஹெச். பக்கம். செல்கள் கரைந்து வெறிச்சோடிய புலத்தில் கிளைத்த இழைகளும் மொட்டு விடும் ஈஸ்ட்டும் தெரியும். பஞ்சு நார் இழைபோல ஏமாற்றும். ஆனால் அது கண்ணாடிக் குழாய்போல மின்னும், மொட்டு இருக்காது. சிவப்பணு ஈஸ்ட்போல ஏமாற்றும், ஆனால் கே.ஓ.ஹெச்.சில் கரைந்துவிடும். கையுறைத் தூளின் மாவுமணி நடுவில் பிளவோடு நிற்கும். பூஞ்சைத் தொற்று உள்ளவர்களில் ஏறக்குறைய பாதிப் பேரின் ஸ்லைடு காலியாகவே இருக்கும். அரிப்பும் வெடிப்பும் தயிர்த் திப்பியும் பி.ஹெச். 4-உம் இருந்து ஸ்லைடு காலி என்றால் கல்ச்சருக்கு அனுப்பிவிட்டு மருந்தைத் தொடங்கலாம்.

மூன்று தொற்றுகளும் மருந்தும்

பூஞ்சை: பி.ஹெச். இயல்பு, வாடை இல்லை, அரிப்பு அதிகம். ஃப்ளூகோனசோல் 150 மி.கி. ஒரே வேளை, அல்லது குளோட்ரிமசோல் 500 மி.கி. வஜைனல் மாத்திரை ஒன்று, அல்லது 100 மி.கி. ஆறேழு இரவுகள். சிவந்து வீங்கி வெடித்திருந்தால் ஒன்று போதாது. முதல் நாளும் நான்காம் நாளும் ஆக இரண்டு ஃப்ளூகோனசோல். கர்ப்பிணிக்கு வாய்வழி ஃப்ளூகோனசோல் கொடுக்காதீர்கள். குளோட்ரிமசோல் ஏழு இரவுகள். வார்ஃபரின் எடுப்பவருக்கு எழுதும் முன்னும் நிதானியுங்கள். கணவருக்கு அரிப்போ சிவப்போ இல்லையென்றால் மருந்து தேவையில்லை.

ஒரு வருடத்தில் மூன்று முறைக்கு மேல் வந்தால் தொடர் பூஞ்சை. அப்போது சர்க்கரை பாருங்கள், எச்.ஐ.வி. பரிசோதனைக்கு நம்பிக்கை மையத்துக்கு அனுப்புங்கள், கல்ச்சரில் எந்தக் கேண்டிடா பூஞ்சை இனம் என்று கேட்டு எழுதுங்கள். அல்பிகன்ஸ் என்றால் மூன்று நாளுக்கு ஒன்றாக மூன்று ஃப்ளூகோனசோல், பிறகு வாரம் ஒன்று ஆறு மாதம். கிளாப்ரேட்டா என்றால் ஃப்ளூகோனசோல் சரியாகக் கேட்காது. போரிக் ஆசிட் 600 மி.கி. காப்ஸ்யூல், இரவில் உள்ளே வைக்க, இரண்டு மூன்று வாரம். இதை மருந்தகத்தில் தயாரித்துத்தான் வாங்க வேண்டும். விழுங்கினால் உயிருக்கு ஆபத்து. டப்பாவில் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டுங்கள், குழந்தை இருக்கும் வீடா என்று கேளுங்கள். கர்ப்பத்தில் கூடவே கூடாது. கேரம் போர்டு பவுடரும் அதேதானே என்று யாராவது சொல்லிக் கொடுத்திருப்பார்கள். அதை வைக்க வேண்டாம் என்று நாமே முந்திச் சொல்லிவிடுவது நல்லது.

பாக்டீரியல் வெஜினோசிஸ்: 1983-இல் வந்த ஆம்சல் அளவுகோல் இன்றும் போதும். மெல்லிய, சுவரில் பூசினாற்போன்ற சாம்பல் கசிவு, பி.ஹெச். 4.5-க்கு மேல், விஃப் பாசிட்டிவ், க்ளூ செல். நான்கில் மூன்று இருந்தால் உறுதி. மெட்ரோனிடசோல் 400 மி.கி. காலை, இரவு ஏழு நாள். வயிறு ஒத்துக்கொள்ளாதவருக்கு 0.75% மெட்ரோனிடசோல் ஜெல் 5 கிராம் ஐந்து இரவுகள், அல்லது 2% கிளிண்டாமைசின் கிரீம் 5 கிராம் ஏழு இரவுகள். அந்த கிரீமில் எண்ணெய்ப் பசை உண்டு; போடும் நாட்களிலும் அதன்பின் ஐந்து நாட்களுக்கும் ஆணுறை கிழியக்கூடும் என்று சொல்லுங்கள்.

இது திரும்பி வரும் நோய். திரும்பி வந்தால் நோயாளியின் சுத்தத்தைக் குறை சொல்ல வேண்டாம். அதிகமாகக் கழுவுவதுதான் சிக்கல். உள்ளே கழுவுவதை நிறுத்தச் சொல்லுங்கள். கணவருக்கு மருந்து தேவையில்லை என்றே நெடுங்காலம் சொல்லி வந்தோம். 2025-இல் ஆஸ்திரேலிய ஆய்வு ஒன்று அதை அசைத்தது: ஒரே துணை உள்ளவர்களில், கணவருக்கும் மெட்ரோனிடசோல் 400 மி.கி. இரு வேளையும் ஆண்குறித் தோலுக்கு 2% கிளிண்டாமைசின் கிரீமும் ஏழு நாள் கொடுத்தபோது, 12 வாரத்துக்குள் நோய் திரும்பியது 35%. பெண்ணுக்கு மட்டும் கொடுத்தபோது 63%. திரும்பத் திரும்ப வருகிறவரிடம் இதைப் பேசலாம்.

டிரைக்கோமோனாஸ்: நுரைத்த மஞ்சள் பச்சைக் கசிவு என்று பாடத்தில் இருக்கும், நேரில் பாதிப் பேருக்கு அப்படி இராது. ஸ்ட்ராபெர்ரிப் பழம்போன்ற கருப்பை வாயை வெறுங்கண்ணால் பார்ப்பது அரிது. பெண்ணுக்கு மெட்ரோனிடசோல் 400 மி.கி. இரு வேளை ஏழு நாள். ஒரே வேளை 2 கிராமைவிட இது பெண்களில் நன்றாக வேலை செய்கிறது. ஆணுக்கு 2 கிராம் ஒரே வேளை. ஜெல் போதாது, மாத்திரைதான். இது பால்வினைத் தொற்று. கணவருக்கும் அதே நாளில் மருந்து போக வேண்டும், இருவரும் முடிக்கும்வரை உறவு கூடாது. வி.டி.ஆர்.எல். (சிபிலிஸுக்கான ரத்தப் பரிசோதனை), எச்.ஐ.வி. இரண்டும் பாருங்கள். மூன்று மாதம் கழித்து மறுபடி பரிசோதனை. "இது எப்போ வந்துச்சு, யார்கிட்ட இருந்து?" என்ற கேள்வி வந்தால் தேதி சொல்லாதீர்கள், அறிகுறி இல்லாமல் நெடுநாள் தங்கக்கூடிய கிருமி இது. உங்கள் ஒரு வாக்கியம் ஒரு குடும்பத்தைப் பிரிக்கலாம். மது குடிக்கும் கணவர் "குடிக்கிறேனே, எப்படிச் சாப்பிடுறது" என்று மாத்திரையைத் தள்ளிப்போடுவது நம் ஊரில் சகஜம். மதுவும் மெட்ரோனிடசோலும் சேர்ந்தால் கட்டாயம் ஒவ்வாது என்ற பழைய எச்சரிக்கைக்கு இப்போது பலமில்லை. மாத்திரையை விடுவதுதான் பெரிய தவறு.

ஸ்லைடு சுத்தம், அரிப்பு நிற்கவில்லை

ஐந்தாறு முறை பூஞ்சை மருந்து சாப்பிட்டும் அரிப்பு போகாதவர் வந்தால், ஆறாவது முறையும் அதையே எழுதுவதுதான் வழக்கமான பிழை. இப்போது தோலைப் பார்க்கிறோம்.

லைக்கன் ஸ்கிளிரோசஸை ஒருமுறை சரியாகப் பார்த்துவிட்டால் மறக்காது. பீங்கான்போல வெளுத்த தோல், சிகரெட் தாள்போலச் சுருக்கம், ஆங்காங்கே ரத்தப் புள்ளி, யோனியையும் ஆசனவாயையும் சுற்றி எட்டு வடிவம். சிற்றிதழ் மறையும், கிளிட்டோரிஸ் புதையும், வாசல் குறுகும். யோனிக்குள் போகாது. இரவு அரிப்பு. நம் தோல் நிறத்தில் இதை வெண்புள்ளி என்று நினைத்து விடுவார்கள், நோயாளியும் பயந்து யாரிடமும் காட்டமாட்டார். வெண்புள்ளியில் அரிப்பு இராது, தோலின் மென்மையும் அமைப்பும் மாறாது. அந்த வேறுபாட்டை விரலால் தடவிப் பார்த்தே சொல்லலாம்.

மருந்து குளோபெட்டசால் 0.05% ஆயின்ட்மென்ட். கிரீம் வேண்டாம், எரியும். ஒரு மாதம் தினமும் இரவு, அடுத்த மாதம் ஒன்றுவிட்டு ஒரு இரவு, மூன்றாம் மாதம் வாரம் இருமுறை. அளவு முக்கியம்: ஆள்காட்டி விரலின் நுனிமடிப்பு நீளத்துக்குப் பிதுக்கினால் அரை கிராம், ஒரு வேளைக்கு அது தாராளம். 30 கிராம் ட்யூப் மூன்று மாதம் வர வேண்டும். ஒரு மாதத்தில் தீர்ந்தால் அதிகம் போடுகிறார். மூன்று மாதத்தில் பாதிகூடத் தீரவில்லை என்றால் பயந்து போடவே இல்லை. "ஸ்டீராய்டு" என்ற சொல்லுக்கே பயம் உண்டு. கண்ணாடியைக் கையில் கொடுத்து இடத்தைக் காட்டி, ஏன் இங்கே அது தேவை என்று சொல்லுங்கள். அரிப்பு நின்ற பிறகும் வாரம் ஓரிரு முறை தொடர வேண்டும், வருடம் ஒருமுறையாவது பார்க்க வேண்டும். சிகிச்சையில்லாத லைக்கன் ஸ்கிளிரோசஸில் நூற்றில் சிலருக்குப் புற்று வருகிறது.

இதற்கு நேர்மாறான சிக்கல், தொடை இடுக்கில் வளையமாகப் பரவும் படர்தாமரை. கலவை ட்யூப் போட்டுப் போட்டு ஓரம் மங்கி, பார்த்தால் படர்தாமரை என்றே தெரியாத நிலையில் வருவார்கள். ஓரத்தைச் சுரண்டி கே.ஓ.ஹெச்.சில் பாருங்கள். இங்கே ஸ்டீராய்டு போடுவது எரியும் தீயில் எண்ணெய் ஊற்றியதுபோல. தோல் மருத்துவரிடம் அனுப்பிவிடுங்கள்; இப்போதைய படர்தாமரை சாதாரண மருந்துக்கு எளிதில் கேட்பதில்லை.

சொறிந்து சொறிந்து தோல் தடித்து யானைத் தோலானால் லைக்கன் சிம்ப்ளெக்ஸ். சோப்பு, வாஷ், வாசனை நாப்கின் எல்லாவற்றையும் நிறுத்துவது முதல் மருந்து. வெறும் தண்ணீரில் கழுவி, பெட்ரோலியம் ஜெல்லி தடவுவது இரண்டாவது.

மாதவிடாய் நின்றவரின் எரிச்சலும் உலர்வும் உறவில் வலியும் ஈஸ்ட்ரோஜன் குறைவால். எஸ்ட்ரியால் கிரீம் 0.5 கிராம் இரண்டு வாரம் தினமும் இரவு, பிறகு வாரம் இருமுறை. நின்றபின் ரத்தப்போக்கு இருந்தால் அதை முழுதாக ஆராயாமல் எழுதாதீர்கள். மார்பகப் புற்று சிகிச்சையில் இருப்பவருக்கு அவருடைய புற்றுநோய் மருத்துவரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

பயாப்ஸி

ஆறாத புண், தடிப்பு, நிறம் மாறும் கட்டி, சரியான மருந்துக்கும் அடங்காத வெளுப்பு: எதுவானாலும் பயாப்ஸி. ஓ.பி.யிலேயே செய்யலாம். ஸ்டீராய்டு போட்டுக்கொண்டிருந்தால் மூன்று வாரமாவது நிறுத்திவிட்டு எடுங்கள். இல்லாவிட்டால் முடிவு தெளிவில்லாமல் வரும். புற்று சந்தேகம் என்றால் காத்திருக்க வேண்டாம்.

2% லிக்னோகெய்ன் 1 முதல் 2 மி.லி., இன்சுலின் ஊசியால் மெதுவாக, தோலில் ஒரு கொப்புளம் எழும்படி. தோலில் வட்டத் துண்டு எடுக்கும் 4 மி.மீ. கீஸ் பஞ்சைச் செங்குத்தாக வைத்து ஒரே திசையில் முறுக்குங்கள். துண்டை ஃபோர்செப்ஸால் பிடித்து நசுக்கக் கூடாது. ஊசி நுனியால் தூக்கி, அடியைக் கத்தரியால் வெட்டுங்கள். புண்ணின் நடுவில் எடுத்தால் செத்த திசுதான் கிடைக்கும். புண்ணும் நல்ல தோலும் சேரும் ஓரத்தில் எடுங்கள். ஐந்து நிமிடம் அழுத்தம், தேவைப்பட்டால் கரையும் நூலில் ஒரு தையல். 10% ஃபார்மலின். சீட்டில் "வல்வா பயாப்ஸி" என்று மட்டும் எழுதினால் பேத்தாலஜிஸ்டுக்கு உதவாது; எந்தப் பக்கம், எவ்வளவு நாள், என்ன சந்தேகம், என்ன களிம்பு போட்டார் என்று எழுதுங்கள்.

வலி மட்டும்

தோல் சுத்தம், ஸ்லைடு சுத்தம், ஆனால் மூன்று மாதத்துக்கு மேல் எரியும் வலி. இது வல்வோடினியா. நனைத்த பஞ்சு ஸ்வாபால் யோனி முகப்பைக் கடிகார எண்கள்போலச் சுற்றி மெல்லத் தொட்டுக்கொண்டே வாருங்கள். பெரும்பாலும் 5, 7 மணிப் பக்கங்களில் துள்ளுவார். எங்கே எவ்வளவு வலி என்று பத்துக்கு மதிப்பெண் எழுதிவையுங்கள். 5% லிக்னோகெய்ன் ஆயின்ட்மென்ட், இரவில் அமிட்ரிப்டிலின் 10 மி.கி.யில் தொடங்கி மெல்லக் கூட்டுவது, இடுப்புத்தள ஃபிசியோதெரப்பி. பலர் பல டாக்டர்களிடம் "ஒண்ணுமில்ல, மனசுதான்" என்று கேட்டு நொந்து வந்திருப்பார்கள். நோய்க்குப் பெயர் உண்டு என்று சொல்வதே சிகிச்சையின் தொடக்கம்.

அவசரமாகப் பிரிக்க வேண்டியவை

சிறுமிக்கு ரத்தம் கலந்த, நாற்றமுள்ள கசிவு என்றால் உள்ளே பொருள் ஏதாவது இருக்கிறதா என்று மயக்க மருந்தில் பார்க்க வேண்டும். இரவில் ஆசனவாய் அரிப்பு என்றால் கீரிப்பூச்சி. சிறுமியிடம் கொனோரியாவோ டிரைக்கோமோனாஸோ தெரிந்தாலும், பாலியல் வன்முறை என்ற சந்தேகம் எழுந்தாலும், குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012 போக்சோ சட்டப்படி காவல்துறைக்குத் தெரிவிப்பது கட்டாயம். பெற்றோர் வேண்டாம் என்றாலும்.

யோனி வாசலின் 4 அல்லது 8 மணிப் பக்கத்தில் வலியுள்ள உருண்டை பார்தோலின் சுரப்பியின் சீழ்க்கட்டி. வெறுமனே கீறிவிட்டால் மறுபடி நிரம்பும். வேர்ட் கதீட்டர் (நுனியில் பலூனுள்ள சிறு குழாய்) வைத்து 2, 3 மி.லி. சலைன் ஏற்றி நான்கு வாரம் விடுங்கள். 40 வயதுக்கு மேல் புதிதாக வந்தால் பயாப்ஸியும் எடுங்கள். கொத்துக் கொத்தாக வலியுள்ள சின்னப் புண்கள் என்றால் ஹெர்பிஸ். அசைக்ளோவிர் 400 மி.கி. மூன்று வேளை ஏழு நாள். வலியில்லாத ஒற்றைப் புண் என்றால் சிபிலிஸ் என்று வைத்துக்கொண்டு தொடங்குங்கள்.

மைக்ராஸ்கோப் இல்லாத இடத்தில்

ஆரம்ப சுகாதார நிலையத்தில் நாக்கோவின் (தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பு) வண்ண மருந்துக் கிட்டுகள் இருக்கும். யோனிக் கசிவுக்கு பச்சை நிற கிட் 2: செக்னிடசோல் 2 கிராமும் ஃப்ளூகோனசோல் 150 மி.கி.யும். கருப்பை வாயிலிருந்து சீழ் என்றால் சாம்பல் நிற கிட் 1. இடுப்புக்குழி வலி என்றால் மஞ்சள் கிட் 6. கிட் கொடுப்பது தப்பில்லை, பார்க்காமல் கொடுப்பதுதான் தப்பு. அங்கேயும் ஸ்பெக்குலம் உண்டு, பி.ஹெச். தாள் விலை மிகக் குறைவு. கர்ப்பிணிக்குக் கிட் 2-ஐ அப்படியே நீட்டாதீர்கள்; அதில் ஃப்ளூகோனசோல் இருக்கிறது. அதே பெண் மூன்று மாதத்தில் மூன்றாவது கிட்டுக்கு வந்தால் அதைக் கொடுக்காமல் ஸ்லைடு பார்க்கும் இடத்துக்கு அனுப்புங்கள். அனுப்பும் சீட்டில் இதுவரை கொடுத்த மருந்தையும் தேதியையும் எழுதுங்கள். வஜைனல் மாத்திரை வைத்து மூன்று நாளாவது கழிந்தபின் போகச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் அங்கேயும் ஸ்லைடில் மருந்துப் பொடியைத்தான் பார்ப்பார்கள்.